நாள்தோறும் எழுதும் பழக்கத்தை வீட்டாருடன் எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேள்வி: மைக்கூடு

அன்பர்களுக்கு வணக்கம். மூன்று ஆண்டுகளாக, இரவு உணவு முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அன்று நடந்தது, அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று எனச் சராசரியாக ஒன்றரைப் பக்கம் ஆகும். ஏழு நோட்டுகள் நிரம்பி எட்டாவது நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, பதினைந்து வயது மகன், பதினொரு வயது மகள், எழுபத்தாறு வயதான என் தந்தை. நான் நோட்டைத் திறந்தவுடன் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முதலில் அதை மரியாதை என்று எண்ணி மகிழ்ந்தேன். அந்த அரை மணி நேரத்துக்கு நான் வீட்டில் இல்லாதவனாகிவிடுகிறேன் என்பது பின்னர்தான் புரிந்தது. மகள் இரண்டு முறை "நானும் எழுதட்டுமா, அப்பா?" என்று கேட்டாள். மகனுக்கு இதில் சிறிதும் ஆர்வம் இல்லை.

போன மாதம் ஒரு முயற்சி செய்தேன். எழுதியதை அன்றிரவே எல்லோருக்கும் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்து, ஒன்பது நாட்கள் தொடர்ந்தேன். நான்காம் நாளிலேயே என் எழுத்து மாறத் தொடங்கிவிட்டது. வாக்கியங்கள் மினுக்கம் பெற்றன. சிரிக்க வைக்கும் இடங்கள் கூடின. நான் நல்லவனாகத் தெரிந்த நிகழ்ச்சிகளே பக்கங்களை நிரப்பின. ஒன்பதாம் நாள், எனக்கும் மனைவிக்கும் இடையே இருந்த ஒரு சிறு மனத்தாங்கலைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்கும்போது அந்தப் பக்கத்தைத் தவிர்க்க இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. அவர்கள் தூங்கப் போன பிறகு, "அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது?" என்று மனைவி கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுநாளிலிருந்து படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் கேள்வி இதுதான். என் எழுத்தைக் கெடுத்துக்கொள்ளாமலும், வீட்டார் தலையில் கட்டாமலும், இந்தப் பழக்கத்தை அவர்களோடு பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறதா? எல்லோரும் எழுதும் பொது நோட்டு ஒன்று வைப்பது சரிப்படுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: ஓரப்பக்கம்

ஐயா, எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாகப் பொது நோட்டு இருக்கிறது. அது நடைபெறும் விதத்தைச் சொல்வதற்கு முன், அதை நானே ஏறக்குறையக் கொன்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கிய இரண்டாம் மாதம், அப்போது எட்டு வயதான என் மகன், "இன்று மளை வந்தது. நான் ஜன்னல் வளியாகப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளை தவறாகப் பழகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் இரண்டு ளகரத்தையும் வட்டமிட்டு மேலே ழகரம் போட்டேன். மறுநாள் நோட்டைத் திறந்து பார்த்தவன், "இதுவும் பரீட்சைத் தாளா, அம்மா?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்தான். அதன்பின் நான்கு மாதங்கள் அவன் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. அந்த இரண்டு வட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவன் திரும்பி வந்ததற்குக் காரணம் என் கணவர். அவர் தாம் எழுதும் பக்கங்களில் வேண்டுமென்றே பிழை விடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. தமக்குச் சரியாகத் தெரியாத சொற்களின் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி போட்டு வைத்தார். அவற்றைத் திருத்தும் வேலையை மகன் தானே எடுத்துக்கொண்டான். அகராதியைப் புரட்டி அப்பாவின் சொல்லைச் சரிபார்ப்பதில் அவனுக்கு இருந்த பெருமிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுக்கு நிலைத்த வழக்கங்கள் சில உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை. நீளமாக எழுதத் தெரிந்தவர் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் கை வராது. (உங்களைத்தான் சொல்கிறேன், ஒன்றரைப் பக்கம் எழுதுபவர் பொது நோட்டில் மிகுந்த அடக்கத்தோடு இருக்க வேண்டும்.) ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் அன்றைக்கே பதில் எழுதுவதில்லை. வாயால் தீர்க்க வேண்டிய சண்டையை நோட்டுக்குள் கொண்டுவருவதில்லை. எழுதாத நாளுக்கு விளக்கம் கேட்பதில்லை. இவற்றில் கடைசியானதுதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. நோட்டை மேசை இழுப்பறைக்குள் வைக்காதீர்கள். கூடத்தில், எல்லோரும் கடந்து போகும் இடத்தில், பென்சிலை நூலால் கட்டித் தொங்கவிட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் பாதி வரிகள் நின்றுகொண்டே எழுதப்பட்டவை.

மறுமொழி: பூட்டிய அலமாரி

மேலே சகோதரி எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லும் பொது நோட்டு வேறு, நீங்கள் மூன்று ஆண்டுகளாக எழுதும் நாட்குறிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் உங்கள் தவறு என்று எண்ணுகிறேன்.

மனத்தில் இருப்பதை எழுதுவதால் என்ன விளையும் என்பதைச் சோதித்த ஆய்வுகளில் முன்னோடியானது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை மிகவும் வருத்திய அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். பின்வந்த மாதங்களில், அந்த அனுபவத்தோடு அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். பலரும் மேற்கோள் காட்டுவது இந்த முடிவைத்தான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருந்துவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை முன்பைவிடச் சோர்வாகத்தான் இருந்தது. பயன் பிறகு வந்தது. வலி அப்போதே வந்தது. அந்த ஈரம் காயாத பக்கத்தை அன்றிரவே குடும்பத்தின் முன் படித்தால், படிப்பவர் ஒன்று பொய் சொல்வார், அல்லது யாரையாவது காயப்படுத்துவார். நீங்கள் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினீர்கள். அது கோழைத்தனம் அல்ல, அந்தப் பக்கத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதை. பிழை, அதைப் படிப்பதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது.

எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டால் உறவு தெளிவாகிவிடும் என்று நம்பியவர்களில் டால்ஸ்டாயும் ஒருவர். 1862இல், முப்பத்து நான்கு வயதில், பதினெட்டு வயது சோஃபியாவை மணப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தம் இளமைக்கால ஒழுக்கக்கேடுகள் உட்பட எல்லாம் எழுதியிருந்த நாட்குறிப்புகளை அவரிடம் படிக்கக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் ஆறவே இல்லை என்பதை அவருடைய சொந்த நாட்குறிப்புகள் காட்டுகின்றன. பிறகு இருவரும் ஒருவர் குறிப்பை மற்றவர் படிப்பதும், மற்றவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுவதுமாகப் பல பத்தாண்டுகள் கழிந்தன. 1910இல், எண்பத்தோரு வயதில், தமக்கு மட்டுமான இரகசிய நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்கி அதைத் தம் காலணிக்குள் ஒளித்து வைத்தார் அந்த முதியவர். சோஃபியா அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

அதே வீட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 1880களில் யாஸ்னயா போல்யானா இல்லத்தின் மாடிப்படி அருகே ஓர் அஞ்சல் பெட்டி இருந்தது. பிள்ளைகள், பெரியவர்கள், விருந்தினர்கள் எனப் பலரும் அந்த வாரம் எழுதிய கிண்டல்களையும் பாட்டுகளையும் வீட்டுச் செய்திகளையும் அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து ஒருவர் உரக்கப் படிப்பார். பிள்ளைகளுக்கு அது பெரும் கொண்டாட்டம். பகிர்வதற்கென்றே எழுதப்பட்டது மகிழ்ச்சி தந்தது. தனக்கென்று எழுதியதைப் பகிர்ந்தது துன்பம் தந்தது. ஒரே மனிதர், ஒரே குடும்பம். உங்கள் எட்டாவது நோட்டை மூடி வையுங்கள். பொதுவுக்கு வேறொரு தாளை எடுங்கள்.

காலத்தை இடையில் வைப்பதும் ஒரு வழி. ஆங்கில நாவலாசிரியர்களான எமிலி பிராண்டியும் தங்கை ஆனியும் 1841இல், எமிலியின் பிறந்தநாளான ஜூலை 30 அன்று, ஆளுக்கொரு தாளில் அப்போதைய வாழ்க்கையைக் குறித்து வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் பிரிப்பது என்பது ஏற்பாடு. ஆனி அப்போது வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தார். 1845இல் பிரித்துப் படித்துவிட்டுப் புதிய தாள்கள் எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் தள்ளி நின்று பார்த்தால், பெரும்பாலான மனத்தாங்கல்கள் சிரிக்கத் தக்கவையாக ஆகிவிடும். ஆகாதவை எவை என்பதும் தெரிந்துவிடும்.

மறுமொழி: ஈரடி

பெரியவர்களின் இரகசியங்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டு முறை கேட்ட மகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு நாளையே ஒரு நோட்டு கொடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லாதீர்கள். அதைத் திறந்து பார்க்க மாட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற எண்ணமும் அவளுக்கு வர விடாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொண்ணூற்றாறு பேரைக் கொண்டு நடத்தி 2010இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக நிகழும் பழக்கமாக மாற ஒருவருக்கு 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அதைவிட முக்கியம், நேரமும் இடமும். உங்களுக்கு 'உணவு முடிந்ததும்' என்ற கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. அதே கொக்கியில் அவளும் தன் நோட்டை மாட்டிக்கொள்ளட்டும்.

உங்கள் தந்தையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் தந்தைக்குக் கை நடுக்கம் வந்து, கையெழுத்துக்கூடப் போட முடியாமல் போனபோது, அவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதத் தொடங்கினாள். அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியே பழகியவருக்கு நீளமான வாக்கியமே வராது. "காலை நடை. முழங்கால் வலி. நண்பர் வரவில்லை. காத்திருந்தேன்." ஒரு நாள் முழுவதும் அவ்வளவுதான். "எதற்காகக் காத்திருந்தீர்கள், தாத்தா?" என்று அவள் கேட்பாள், அவர் சொல்லத் தொடங்குவார், அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். நோட்டில் நான்கு சொற்றொடர்கள் மட்டுமே ஏறும். மற்றதெல்லாம் அவளிடம் இருக்கிறது. எழுத்தைப் பகிர்வது என்றால் எழுதப்பட்டதைப் படிக்கக் கொடுப்பது மட்டும்தான் என்று அதற்கு முன் நானும் நினைத்திருந்தேன்.

மகனை விட்டுவிடுங்கள். பதினைந்து வயதில் அப்பா செய்வதைச் செய்ய எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. கைப்பேசியில் அவன் நாள் முழுவதும் எழுதிக்கொண்டுதான் இருப்பான்.

மறுமொழி: மறுகரை

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். நானும் என் அக்காவும் தம்பியும் மூன்று ஊர்களில் இருப்பதால், வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்குத் தினம் ஒரு பத்தி எழுதுவதென்று தொடங்கினோம். முதல் வாரம் பத்திகள் வந்தன. இரண்டாம் வாரம் பத்திகளுக்குக் கட்டைவிரல் குறிகள் வந்தன. மூன்றாம் வாரம் கட்டைவிரல் குறிகள் மட்டுமே வந்தன. யாருக்குக் குறி விழவில்லை என்று அக்கா எண்ணத் தொடங்கியதோடு அது முடிந்தது. இப்போது மாதம் ஒரு முறை மின்னஞ்சலில், அவசரமில்லாமல் எழுதிக்கொள்கிறோம். உடனே பதில் வராது என்று தெரிந்த இடத்தில்தான் தம்பியால் தன் மனத்தில் இருப்பதை எழுத முடிகிறது.

மைக்கூடு (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் 'அனுமதி இல்லை' என்று எழுதி, என்னைப் போலவே கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறாள். நான் அப்படி மறைத்துக்கொண்டு எழுதுவேன் என்பதே எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேசையைச் சுவரோரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு நகர்த்தினோம். தந்தைக்குச் சொல்லி எழுதவைக்கும் யோசனை பிடிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்தித்தாளோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார். மகனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் எழுத வந்தது மனைவியைப் பற்றி. பூட்டிய அலமாரி ஐயா சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஏன் திருப்பினேன் என்பதை நேரடியாகவே சொல்லிவிட்டேன். நோட்டைக் காட்டவில்லை; விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அதைப் படிக்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் எழுதும்போது நான் எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை" என்றார். அன்றிரவு அவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். அது வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டு.

பதினேழு ஆண்டுகளாக அவர் அதை எழுதி வருவது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை, கூட்டல் கழித்தல்தானே என்ற அலட்சியம். தொகைகளுக்கு வலப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார். அதில் பொடி எழுத்தில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று இருக்கிறது. மருந்துச் செலவுக்கு எதிரே, 'இரவெல்லாம் விழிப்பு. விடியும்போது காய்ச்சல் விட்டது.' ஆட்டோ கட்டணத்துக்கு எதிரே, 'தனியாகப் போனேன்.' குடைக்கு எதிரே, 'மூன்றாவது குடை. இதையும் தொலைப்பார்.' தொலைத்தேன் என்பது நினைவிருக்கிறது.

எழுதும் பழக்கம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று இங்கே வந்து கேட்டிருக்கிறேன். அந்த வலப்பக்கக் குறிப்புகளை முழுவதும் படிக்கலாமா என்று கேட்டேன். "நான் கேட்டதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு மாதத்தை மட்டும், அவரே தேர்ந்தெடுத்து, படிக்கக் கொடுத்தார்.

மறுமொழி: பூட்டிய அலமாரி

மகிழ்ச்சி. கணக்கையும் வாழ்க்கையையும் ஒரே நோட்டில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் வணிகராகவும் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாகவும் (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் சரக்கும் கடனும் கப்பல் வரவும் வீட்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வரும். அவருக்குப் பின் அவர் குடும்பத்தாரும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

ஒரு நடைமுறை விஷயம்: பழைய நோட்டுகளில் ரசீதுகள் ஒட்டியிருந்தால் பாருங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்து வெறும் தாளாகிவிடும். தொகையையும் நாளையும் பக்கத்தில் பேனாவால் எழுதி வைப்பது நல்லது. உங்கள் மனைவி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.